ரீஸ் பான்ட்டின் தூய நாக்கு

"என் வாயிலேர்ந்து அந்நிய வார்த்தை ஒண்ணு வந்தா, இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சுடறேன்."

எங்கள் ஊர் மதுக்கடையில் ரீஸ் இப்படி முழங்கினார். கணப்பை ஒட்டிய ஒரே நாற்காலி அது. நாங்களெல்லாம் ஈரக் கோட்டோடு பெஞ்சில்.

வேல்ஸில் பட்டப்பேர் இல்லாமல் ஒருவன் பிழைக்க முடியாது. ஊரில் மூன்று ரீஸ்கள். நிலக்கரி விற்பவர் ரீஸ் க்ளோ. பால் ஊற்றுபவர் ரீஸ் லாய்த். பாலத்தடியில் குடியிருக்கும் கற்சுவர்க் கொத்தனாரான இவர் ரீஸ் பான்ட், அதாவது பாலத்து ரீஸ்.

லத்தீன் டீச்சர் நெரிஸ் பொறுமையாகக் கேட்டார்: "இங்கிலீஷ் மட்டுமா, ரோமாபுரிச் சரக்கும் சேர்த்தியா?"

"எல்லாந்தான்."

"அப்ப மீனைச் சொல்லக் கூடாது. சீஸ், ஜன்னல், நீங்க கட்டுற சுவர், குடியிருக்கிற பாலம், எதையும். நம்ம வேல்ஷ்ல இதெல்லாம் லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை. 'அந்நிய'ன்னு சொன்னீங்களே, அந்த எஸ்ட்ரான்கூட அவங்க கொடுத்ததுதான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரா பேசிக் காட்டறேன், டீச்சர். தோத்தா நாற்காலி உங்களுக்கு."

ரோமானியர் போய் ஆயிரத்து அறுநூறு வருடமாகிறது. ஆறு நிறைய மீன் துள்ளிய ஊர், மீனுக்குப் பேரை மட்டும் ஏன் அவர்களிடம் வாங்கியது? புஜத்தைக் குறிக்கும் சொல்லும் அவர்களுடையதாம். அதற்கு முன் இங்கே புஜங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்? யோசித்து யோசித்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது.

வெள்ளிக்கிழமை வந்தது. ரீஸ் மழையைப் பற்றிப் பேசினார். நாயைப் பற்றிப் பேசினார். மறுபடியும் மழை. சீஸ் ரொட்டி வேண்டுமென்று விரலால் காட்டினார்.

"பல் வலியா?" என்றார் ரீஸ் க்ளோ.

"மழை," என்றார் இவர்.

கடை மூடுமுன் வழக்கமான குலுக்கல். பரிசு, முழு ஆட்டுத்தொடை. கடைக்காரி ஹைல்வென் தொப்பிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள்.

"வெறும் 'ரீஸ்'னு இருக்கு. எந்த ரீஸ்?"

வழக்கமாகப் பட்டப்பேரோடு எழுதுகிற நம்மவர், அன்றைக்குப் பேனாவிலும் பத்தியம் காத்துவிட்டார். கையைத் தூக்கினார். மற்ற இரண்டு ரீஸ்களும் பெரிய மனிதர்களாக நாணமின்றிக் கையைத் தூக்கினார்கள்.

"மூணு பேருமா? வாயைத் திறந்து முதல்ல பட்டப்பேரைச் சொல்றவங்களுக்குத்தான் கறி," என்றாள் ஹைல்வென். "சீக்கிரம், வீட்டுக்குப் போகணும்."

ரீஸ் க்ளோ தொண்டையைச் செருமினார்.

நம்மவர் தொடையைப் பார்த்தார். கணப்பைப் பார்த்தார். மறுபடி தொடையைப் பார்த்தார்.

"பான்ட்," என்றார், தேவாலயத்தில் பேசுவதுபோல மெதுவாக. பிறகு எழுந்து, கறியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரக் கோட்டுகளுக்கு நடுவே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.