போர்வைக்குள் ஒரு ஃபோன்

மாமா வேலையை விட்டது ஒரு திங்கட்கிழமை. என் அக்காவின் கணவர். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். போட்டிருந்தது கம்பெனிச் சட்டை என்பதால், அங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பனியனோடு பஸ் ஏறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இனிமே எனக்கு நான்தான் முதலாளி."

"சரி முதலாளி, மொதல்ல ஒரு சட்டையப் போடுங்க" என்றாள் அக்கா.

பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முந்தின வாரம்தான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நான் மூட்டையை இறக்கியிருந்தேன். கூடம் ஆபீஸ் ஆனதால் சமையலறைக்கு இடம்பெயர்ந்தேன். சுழல் நாற்காலி வந்தது. சுவரில் மாமாவின் லட்சியங்கள் ஒட்டப்பட்டன: ஒரு கார், ஒரு மலை உச்சி, பல் தெரியச் சிரிக்கும் யாரோ ஒரு குடும்பம்.

"நம்ம குடும்பப் படத்தையே ஒட்டியிருக்கலாமே?" என்று கேட்டாள் அக்கா.

"அதுல யாருமே சிரிக்கலையேடி."

வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இரண்டு மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், கம்பெனியை உதறிவிட்டு மாமாவின் கையை நம்பி வந்தார். ஊசிமருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ்களை மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையாக வந்த ஒரே வேலை அதுதான். அது கைநழுவினால் மாமா மறுபடியும் கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இது அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும், ஆனால் அவர் அப்போது முன்னேறுவதில் மும்முரமாக இருந்தார்.

காலை நேரம் நமக்கே நமக்கானது, அப்போது ஃபோனைத் தொடுகிறவன் அடிமை என்று வீடியோவில் எவனோ கோட்டுப் போட்டவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பதினொரு மணி வரை மாமாவின் ஃபோன் அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே உறங்கியது. மாமா பச்சைத் தண்ணீரில் குளித்தார். கண்ணை மூடி வெற்றியை மனக்கண்ணில் பார்த்தார். ஃப்ரிட்ஜ் செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியவருவது காலையில் பால் எடுக்கப் போகும்போதுதான். சரியாக அந்த நேரத்துக்கு ஃபோனைத் தூங்கவைத்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருநாள் காலை போர்வைகள் விடாமல் நடுங்கின. அக்கா ஃபோனை உருவினாள்.

"ஏங்க, மருந்துக்கடைக்காரர். ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சாம்."

மாமா கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

அக்கா அந்த விரலைப் பார்த்த பார்வைக்கு நானாயிருந்தால் கையையே மடக்கியிருப்பேன். பிறகு அவளே பேசினாள். "அண்ணே, மோட்டார் சத்தம் கேக்குதா? இல்லையா? அப்போ கதவைத் திறந்து திறந்து பாக்காதீங்க. மருந்தையெல்லாம் உடனே உங்க இன்னொரு கடைக்கு மாத்திடுங்க. அவர் கிளம்பிட்டே இருக்கார்."

அவர் கிளம்பியது பதினொன்றுக்கு, முகத்தில் ஒரு தேஜஸோடு. பைக்கின் பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். கடையில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வேறொரு மெக்கானிக்கின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"சார், காலைல கொஞ்சம் தியானத்துல..."

"நல்லா பண்ணுங்க தம்பி" என்றார் கடைக்காரர். "மருந்து தப்பிச்சது உங்க வீட்டம்மா புண்ணியம். இனிமே நாங்க உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

மாமா சில நாள் சுழல் நாற்காலியில் சுழலாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: தன்னம்பிக்கை போதவில்லையாம். அதற்கு வேறு வீடியோ இருந்தது. அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. ஃபோனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமா கம்பெனி வாசலுக்குத் திரும்பாமலிருக்க, காலையில் வந்த வீட்டு ஃப்ரிட்ஜ் அழைப்புகளை ஒன்றுவிடாமல் அவளே எடுத்தாள்; குளியலறை வாசலிலேயே மாமாவை மறித்து, விலாசத்தைச் சொல்லித் தெருவுக்குத் தள்ளினாள். பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது தலைவனுக்கு அழகு என்று மாமா எனக்கு விளக்கினார்.

நான் மறுபடி கிளம்பிவிட்டேன். ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, எங்கோ ஒரு ரயிலுக்குக் காத்திருந்தபோது மாமாவிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது: 'சுயதொழிலில் நான் கற்ற பாடங்கள்.' மெக்கானிக்குகள் கூட்டத்தில் பேசப்போகிறாராம், பிழை பார்த்துத் தர வேண்டுமாம். விடியலில் எழுவது, உள்ளத்தின் வலிமை, இன்னும் என்னென்னவோ. வரிக்கு வரி தேடினேன். அக்கா எங்கேயும் இல்லை.

ரயில் வருவதற்குள் அக்காவும் அனுப்பினாள்.

"மருந்துக்கடைக்காரர் திரும்ப வந்துட்டார்டி. ஃபோன் என்கிட்டயே இருக்கணும்னு ஒரே கண்டிஷன். அந்தக் கண்டிஷனை மட்டும் உங்க மாமாகிட்ட இன்னும் சொல்லல. பாவம், தன்னம்பிக்கையாலதான் வந்தார்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார்."