அம்சவல்லி வழித்தெடுத்த வரப்பு

1979. கருவேப்பிலங்குறிச்சியில் அம்சவல்லி பிறந்த வருடம். அதே வருடம்தான் ஒரு ரகக் குண்டுவீச்சு விமானமும் கடல் தாண்டி முதல் தடவையாக நம் நாட்டில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானம் வடக்கே எங்கோ தாழப் பறந்து பழகிக்கொண்டிருந்தது. அம்சவல்லி விருத்தாசலம் தொழிற்பேட்டையில், பழமலைநாதனின் பீங்கான் கம்பெனியில், பிசிறு வழிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

பிசிறு என்பது வேறொன்றும் இல்லை. அச்சில் அழுத்தி எடுத்த பச்சை மண் துண்டில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு கோடு எழுந்து நிற்கும். சின்னக் கத்தியால் அதை ஒரு வழி வழித்து, ஈர ஸ்பான்ஜால் ஒரு துடை துடைத்து, தட்டில் அடுக்க வேண்டும். அப்புறம்தான் பளபளப்புப் பூச்சு, அப்புறம் சூளை. அம்சவல்லி இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறாள். வீட்டு மீட்டர் பெட்டிகளில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் ஃபியூஸ் கட்டைகளில் எத்தனை ஆயிரம் அவள் கை பட்டவை என்று அவளுக்கே தெரியாது. எழுந்து நிற்கும் கோடு எதைக் கண்டாலும் அவள் விரல் துறுதுறுக்கும்.

"இந்தக்கா பஸ்ஸுல முன்னாடி ஒக்காந்திருக்கறவன் சட்டைத் தையல பாத்தாகூட கத்திய தேடும்" என்பாள் பக்கத்து ஸ்டூல் துர்கா. துர்காவுக்கு வயது இருபத்தொன்பது. வாய்க்கு வயதே கிடையாது.

ஃபியூஸ் கட்டைக்கு வந்த கேடு வீடுகளிலிருந்தே வந்தது. புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும், கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் போடுகிறார்கள். பழைய வீட்டுக்காரர்களும் பெயின்ட் அடிக்கும்போது கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதையே மாட்டுகிறார்கள். ஆர்டர் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியானது. ஐப்பசியில் ஒரு நாள் பழமலைநாதன் மேசைக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"ஆறு பேருக்கு இங்க வேல இல்ல. மூணு பேருக்குத்தான் இருக்குது. பொங்கல் வரைக்கும் பாப்போம்."

அந்த மூன்று பேரில் தான் இருக்கமாட்டோம் என்று அம்சவல்லி முடிவு கட்டிவிட்டாள். அதிக வருடம், அதிகக் கூலி, போன வருடம் ஆபரேஷனுக்கு ஒரு மாத லீவு. வீட்டில் கணவர் கலியமூர்த்திக்கு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் விழுந்து மூன்று வருடமாகிறது. அவள் கத்தி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் விமானம் வந்தது. முழுசாக அல்ல. பஞ்சு சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னுக்குள், கட்டை விரல் நீளத்தில் ஒரே ஒரு துண்டு.

டின்னைக் கொண்டுவந்தவள் யுவஸ்ரீ. ஓசூரில் விமானத்துக்கு வயரிங் செய்து தரும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோவில் தொழிற்பேட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, முதுகுப் பையோடு உள்ளே வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, பழமலைநாதன் முதலில் பேட்டையில் பீங்கான் பொம்மை வாங்க வந்தவள் என்றே நினைத்தார்.

விஷயம் இதுதான். பழைய விமானத்தைத் தூக்கிப் போடவில்லை, புதுப்பிக்கிறார்கள். உடம்பு அதேதான். உள்ளே இருக்கும் கருவிகளையும் வயரையும் மாற்றுகிறார்கள். இன்ஜின் பக்கம் வயர் தகட்டைத் தாண்டிப் போகும் இடத்தில் பிளாஸ்டிக் வைத்தால் உருகிவிடும். டின்னில் இருப்பது மாதிரி, வயர் நுழைந்து போகும் பீங்கான் குழல், புஷ் என்பார்கள், அது வேண்டும். அதைச் செய்துகொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி என்றைக்கோ கதவைச் சாத்திவிட்டது. மாதிரி நாற்பது செய்து காட்ட வேண்டும். தேறினால் வருடக்கணக்கில் ஆர்டர். பொங்கலுக்கு முன்னால் முடிவு தெரிய வேண்டும்.

"வெடிகுண்டு போடற ப்ளேனுக்கு விருத்தாசலத்து மண்ணா!" துர்காவுக்குக் கண் விரிந்தது. பிறகு யுவஸ்ரீயிடம் விமானத்தின் வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பினாள். "யக்கா, உன் செட்டாம் அது. அதுக்கு எல்லாத்தையும் மாத்திட்டாங்களாம். உனக்கு என்னா மாத்துனாங்க?"

"கண்ணாடி மாத்துனேன். ரெண்டு பல்லு கட்டுனேன். பித்தப்பைய எடுத்துட்டாங்க."

"அப்ப எடை கொறஞ்சிருக்கணுமே? காணுமே?"

"வேலைய பாருடி."

வேலைதான் சரியாக வரவில்லை. புஷ்ஷின் கழுத்தில் சேமியா கனத்துக்குச் சுற்றிலும் ஒரு மேடு இருந்தது. அம்சவல்லி அதற்கு வரப்பு என்று பேர் வைத்தாள். வயலைச் சுற்றி எழுந்து நிற்பதுபோல நின்றது. பச்சை மண்ணாக இருக்கும்போது அழகாகத்தான் இருந்தது. சூளைக்குப் போய்வந்தால் வரப்பின் அடியில் மயிரிழையாக வெடித்தது. கண்ணுக்குத் தெரியாது. நீல மை தடவித் துடைத்தால் கோடு தெரியும். மண்ணை மாற்றிப் பார்த்தார்கள், நிழலில் இரண்டு நாள் கூட வைத்துக் காயப்போட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவை சூளை வைத்தாயிற்று. மூன்று தடவையும் நீலக் கோடு.

நான்காவது தடவைதான் கடைசி. சூளை தொழிற்பேட்டைக்கே பொது. ஒவ்வொரு கம்பெனியின் சரக்கும் முறை வைத்துச் சூளை வண்டியில் ஏறி உள்ளே போகும். முறையை விட்டால் ஒரு வாரம் போச்சு.

அன்றைக்கு மேசையில் ஃபியூஸ் கட்டையும் இருந்தது, புஷ்ஷும் இருந்தது. துர்கா தன் நாத்தனார் கல்யாணத்தில் புடவையால் வந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தி புடவையை விரித்துப் பார்த்து, "இத வூடு தொடைக்கவா எடுத்தீங்க?" என்று கேட்ட இடம் வந்ததும் அம்சவல்லி சிரித்தாள். கை நிற்கவில்லை. ஒரு வழி, ஒரு துடை, தட்டு. ஒரு வழி, ஒரு துடை, தட்டு. சிரித்து முடித்துக் கீழே பார்த்தாள்.

"அய்யய்யோ."

"என்னக்கா?"

"வரப்ப வழிச்சிட்டேன்டி. ஒம்போது."

ஒன்பது புஷ்ஷும் கழுத்து வழவழவென்று, சின்னப் பிள்ளைக் கழுத்து மாதிரி இருந்தன. பிசிறு என்று நினைத்துக் கை தன் பாட்டுக்கு வழித்துவிட்டது. நியாயமாக அவற்றை மறுபடி மண் தொட்டியில் போட்டிருக்க வேண்டும். ஆனால் பூச்சுப் போட்டு ஏற்றத்தான் நேரம் இருந்தது, வெளியே சூளை வண்டிக்காரர் குரல் கொடுத்துவிட்டார்.

"தட்டுல எண்ணிக்க கொறஞ்சா மொதலாளி கேப்பாரு. போவட்டும், வேவட்டும்" என்று துர்கா தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வண்டி திரும்பி வந்த அன்று பழமலைநாதன்தான் முதலில் பார்த்தார். ஒன்பதையும் பொறுக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மேசைக்கடியில் தள்ளினார். குரலை அடக்கிக்கொண்டு கத்தினார்.

"இருபத்தாறு வருசம் வேல பாத்தவ செய்யற வேலையா இது? மத்தியானம் அந்தப் பொண்ணு வருது. இதைக் கண்ணுல காட்டிடாத. வேல தெரியாத கம்பெனின்னு எழுதிக்கிட்டுப் போயிரும்."

அவர் டீ சொல்லப் போன நேரத்தில் அம்சவல்லி பெட்டியை இழுத்து ஒன்றுக்கு மை தடவித் துடைத்தாள். சுத்தமாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சுத்தம். ஒன்பதும் சுத்தம். பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

மத்தியானம் யுவஸ்ரீ எதிரில் மீதி முப்பத்தொன்றுக்கும் மை தடவினார்கள். இருபத்தொன்பதில் நீலக் கோடு. யுவஸ்ரீ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லாத்தான் முயற்சி பண்ணீங்க சார். எனக்கு வேற வழி இல்ல. வேற ஊர்ல பாக்கச் சொல்லிடுவாங்க. நாலரை மணி வண்டிக்கு ஒரு ஆட்டோ சொல்லிடறீங்களா?"

பழமலைநாதன் போனை எடுத்தார். அம்சவல்லி ஸ்டூலை விட்டு இறங்கி, குனிந்து, பெட்டியை இழுத்தாள்.

"மேடம், இத ஒருவாட்டி பாத்துட்டுப் போங்க."

"அம்சவல்லி!" என்றார் பழமலைநாதன்.

"இருங்க மொதலாளி. எப்பிடியும் போவப்போற வேலதான."

யுவஸ்ரீ ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மை தடவினாள். துடைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஒன்பதும் முடிந்தபின் நிமிர்ந்தாள்.

"இதுல அந்த மேடு எங்கக்கா?"

"நாந்தான் வழிச்சிட்டேன். பிசிறுன்னு நெனச்சிட்டேன்."

"தெரியாமயா?"

"பேசிக்கிட்டே செஞ்சேன். என் தப்புதான்."

யுவஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ட்ராயிங்ல இருக்கற பொருள் இது இல்ல. எடுத்துக்க முடியாது."

"அந்தப் பழசக் குடுங்க" என்றாள் அம்சவல்லி. டின்னிலிருந்து வந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இரண்டு மாதமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவள். "இது ப்ளேன்ல இருந்து கழட்டுனதுதான?"

"ஆமா. முப்பது வருஷம் கிட்ட உள்ள இருந்தது."

"ஓட்டைக்குள்ள பாருங்க. கம்பி ஒரசி ஒரசி மினுக்கே போயிருக்குது. அடியில பாருங்க, நட்டு அழுத்துன கறுப்பு. இப்ப இந்த வரப்பு ஓரத்தப் பாருங்க. சூளைய விட்டு எறங்குன அன்னிக்கி மாதிரி இருக்குது. ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. இதுமேல எதுவுமே ஒக்காரல மேடம். சும்மா நிக்கிது."

யுவஸ்ரீ செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. "ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை விமானத்தின் உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், இது மூன்றாவது என்றாள். முதலில் வந்த கருவிப் பெட்டிகள் பீரோ மாதிரி இருந்தனவாம். இப்போது வருவது டிபன் பாக்ஸ் அளவு. "பீரோவ எடுத்துட்டு டிபன் பாக்ஸ் வெச்சா மூக்கு லேசாயிடுதுக்கா. வாலு பக்கம் சாயும். அதனால ஒண்ணுக்கும் ஒதவாத எடைக் கட்டிய மூக்குல வெச்சுக் கட்டறோம்."

"கேட்டியாக்கா?" என்றாள் துர்கா. "பித்தப்பை போன எடத்துல நீயும் எதுனா கட்டிக்கிட்டு நட."

"அப்ப இந்த வரப்பும் அந்த பீரோ காலத்துதா?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"இருக்கலாம்."

"அப்பறம் ஏன் யாரும் எடுக்கல?"

"ட்ராயிங்ல இருக்குதே. இருக்கறத எடுக்கணும்னா, எதுக்கு வெச்சாங்கன்னு தெரிஞ்சவங்க கையெழுத்துப் போடணும். வெச்சவங்கல்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்க."

ஒன்பதையும் எடுத்துக்கொண்டு போவதாக யுவஸ்ரீ சொன்னாள். நம்பிக்கை எதுவும் தரவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினாள். வரைபடத்திலிருந்து மாறியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"சோதனை முயற்சின்னு எழுதிக்குங்க மேடம்" என்றார் பழமலைநாதன் அவசரமாக.

"கை தவறிடுச்சுன்னு எழுதுங்க" என்றாள் அம்சவல்லி. "நாளைக்கி எதுக்கு வழிச்சன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? பைலட்டு ஒக்காந்து பறக்கறது."

யுவஸ்ரீ கை தவறு என்றே எழுதினாள். நாலரை மணி வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டிக்குப் போனாள்.

பொங்கல் வந்தது, போனது. ஓசூரிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. பழமலைநாதன் இரண்டு பேரை நிறுத்தினார். மூன்றாவதாக யாரை என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் துர்கா தானாகவே நின்றுவிட்டாள். ஊருக்குள்ளேயே பாலக்கரையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்திருந்தாள். போகிற அன்று, "உன்ன காப்பாத்தத்தான் போறேன்னு நெனச்சுக்காத. அங்க ஏசி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்சவல்லி அவள் ஸ்டூலைத் துடைத்து, இருந்த இடத்திலேயே போட்டுவைத்தாள்.

மாசி முழுக்க மூன்று பேரும் கிடைத்த ஃபியூஸ் கட்டைகளை வழித்தார்கள். சில நாள் மத்தியானமே வேலை முடிந்துவிடும். மீதி நேரத்தில் அம்சவல்லி கத்தியைத் தீட்டினாள். தீட்டிய கத்தியை மறுபடி தீட்டினாள்.

பங்குனி இரண்டாம் வாரம் தபால் வந்தது. ஒரு கடிதமும் மடித்த வரைபடம் ஒன்றும். ஒன்பது புஷ்ஷையும் சூட்டில் வைத்து, குலுக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் உடையவில்லை. பழைய காகிதங்களைத் தோண்டியதில் வரப்பின் கதையும் கிடைத்திருந்தது. ஆதியில் வந்த ஒரு கருவிக்குக் கூடுதலாக ஒரு வயர் போனதாம். அதைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் நழுவாமல் இருக்க வைத்த மேடு. முதல் தடவை மாற்றியபோதே கருவியும் வயரும் கிளிப்பும் போய்விட்டன. மேடு மட்டும் வரைபடத்திலேயே நின்றுவிட்டது. புது வரைபடத்தில் அது இல்லை. அதன்படியே செய்து தரச் சொல்லி ஆர்டரும் கொடுத்திருந்தார்கள். ஓரத்தில், மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், இங்கிலீஷில் இரண்டு வரி இருந்தது. பழமலைநாதன் படித்துத் தமிழில் சொன்னார்: பயன் இல்லாத பாகம், சூளையில் வெடிப்பு உண்டாக்குகிறது. முதலில் தெரிந்தது கை தவறிச் செய்த ஒன்பது துண்டுகளால்.

"பேரு போடலயா?" என்றாள் அம்சவல்லி.

"பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா."

வரைபடத்தை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடம் அது தன் யோசனை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். சொல்லும்போது அம்சவல்லி பக்கம் பார்ப்பதில்லை. நிறுத்திய இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். துர்காவைக் கூப்பிடும் வேலை அம்சவல்லிக்கு வந்தது. போனில் துர்கா கேட்ட முதல் கேள்வி, "ஏசி போடுவாராமா?"

"ஃபேன் ஒண்ணு புதுசா மாட்டியிருக்குது."

"யோசிச்சுச் சொல்றேன்க்கா."

துர்கா இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது. முதல் இருநூற்று நாற்பது புஷ் வியாழக்கிழமை காலை சூளை வண்டியில் ஏறுகின்றன.