மாடிக்குப் போட்ட கணக்கு

வலங்கைமானில் எங்கள் வயலோரம் வீடு கட்டுவதற்கு முன், மண் பரிசோதனைக்கு ஓர் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் வெளுத்துப்போன தொப்பி. தரையில் இறக்கிய குழாயில் ஏறி வந்த களிமண்ணை உள்ளங்கையில் வைத்து நூல்போலத் திரித்துக்கொண்டே இருந்தார். மண் வீட்டைத் தாங்குமா என்று கேட்டால் இப்படி மண்ணை உருட்டுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

கடைசியில் சொன்னார்: "மேல களி, நடுவுல மணல், கீழ மறுபடி களி. வீடு சில வருஷத்துல ஒரு அங்குலம் இறங்கும்மா. சமமா இறங்குனா விரிசல் விடாது. மாடியில எத்தனை பேர் இருப்பீங்க?"

"யாரும் இல்லைங்க. பையன் குடும்பத்தோட சிங்கப்பூர்ல இருக்கான். கீழ நான் மட்டும்தான். மாடியைக் கணக்குல விட்டுடுங்க."

திரிப்பதை நிறுத்தினார். "அப்படி விடக்கூடாதும்மா. குடும்பம் இருக்குற பாரத்தை வச்சுத்தான் அஸ்திவாரம் போடணும்."

அவர் சொன்னபடியே வீடு இறங்கி நின்றுவிட்டது. எங்கும் விரிசல் இல்லை. மாடியை நான்தான் பெருக்குகிறேன், தூசிக்காக. என் பையன் குடும்பத்தை அங்கே குடிவைத்தவர் இதுவரை அந்த மனிதர் ஒருவர்தான், அதுவும் கணக்கில்.