ம் விட்டுப்போன பெயர்

வேண்டா அவள் பெற்றோருக்கு நான்காவது பெண். இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று எஸ்.பி. கோயில் என்று சுருக்கிச் சொல்லப்படும் சிங்கப்பெருமாள் கோயில் ஊரை ஒட்டிய அவர்கள் காலனியில் நம்பினார்கள். அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. அவளுக்குத் தமிழ்ச்செல்வி என்று வைத்தார்கள். பெயர் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் வேண்டாவிடமிருந்து அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பெயர் என்பது பொதுவாக ஒரு விருப்பம். வேண்டாவின் பெயர் ஒரு பதில். அதுவும் அவளிடம் யாரும் கேட்காத கேள்விக்கு. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு விவரம் எழுதும்போது டீச்சர் ஒருவர் வெண்ணிலா என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். "எங்கம்மா கூப்டா நான் திரும்பிப் பாக்கணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். இதைத் துணிச்சல் என்று சொல்லிவிடலாம். பிடிவாதம் என்பதுதான் அளவாக இருக்கும்.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அவள் அம்மா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின் மேல் ஒரு தொழிற்சாலை நிற்கிறது. அதன் கேன்டீனில் தட்டு கழுவும் எட்டுப் பேருக்கு வேண்டா சூப்பர்வைசர். நான்கு வருடத்துக்கு முன் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடப்பது அவளுக்குச் சலிப்பாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி கேட்டைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு, "இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று விசாரித்தாள். நடக்க நடக்க விசித்திர விலங்குகள் திரையில் தோன்றும், வலை வீசிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு என்றார்கள். அன்றைக்கே போனில் ஏற்றிக்கொண்டாள். இதுவரை அவள் நடந்தது இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று விளையாட்டு கணக்குச் சொல்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு விலங்குகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் இல்லை: தலசோர்.

தலசோர் கடல் விலங்கு. திமிங்கல உடம்பு, நெற்றியில் இரண்டு கொம்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கடற்கரையில் மட்டும், ஒரு மாலையில் மூன்று மணி நேரம் வரும். கேன்டீனில் அதைத் தலச்சோறு என்றே சொல்கிறார்கள். தனியாக அதை எதிர்க்க முடியாது. ஒரு 'ரூம்' திறந்து, குறைந்தது ஐந்து பேர், அதிகபட்சம் பத்துப் பேர் சேர்ந்து அடித்து வீழ்த்தினால்தான் அவரவருக்கு வலை வீச வாய்ப்பு. ஒருவருக்கு ஒரு சண்டைதான். போன முறை வேண்டா மாமல்லபுரம் வரை போனாள். கொம்பு தெரிந்த நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இம்முறை வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருந்தாள். கல்பாக்கத்துக் குடும்பங்கள், ஐடி அலுவலகத்துப் பிள்ளைகள் என்று அறுபது பேர். நடத்துபவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கும் ஹரிகிருஷ்ணன். எதையும் வரிசையாகச் செய்கிறவர். வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து செய்தி வந்தது: "ஞாயிறு மாலை, திருவிடந்தை கடற்கரை. பத்து இடம். வருகிறவர்கள் பெயர் போடவும். வராதவர்கள் வேண்டாம் என்று போடவும்."

முதல் ஆளாக அவள் பெயரைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை முடித்து, செங்கல்பட்டில் ஒரு பஸ், மாமல்லபுரத்தில் ஒரு பஸ் மாறி, ஐந்தேகால் மணிக்குக் கடற்கரையில் நின்றாள். போனில் முழு சார்ஜ் இருந்தது.

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே மேடம்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"மொத ஆளா போட்டேனே சார்."

அவர் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தார். "இதோ. வேண்டாம்னு போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே?"

"வேண்டாம்னு எங்க கீது? நல்லா பாருங்க. வேண்டா. என் பேரு."

ஹரிகிருஷ்ணன் ஒருமுறை திரையையும் ஒருமுறை அவளையும் பார்த்தார். "கடைசில ம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"முப்பத்தொம்போது வருசமா வுட்டுப்போயிதான் கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸி அவர் போனை எட்டிப் பார்த்து, "சார், அக்கா நம்பரை 'எஸ்.பி. கோயில் கேன்டீன்'னுல்ல சேவ் பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள்.

"கேன்டீன் வரல சார்" என்றாள் வேண்டா. "நான்தான் வந்துகீறேன்."

அவர் மன்னிப்புக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். ஆனால் பத்துப் பேர் சேர்ந்தாகிவிட்டது; ஒருவரை இறக்கிவிட முடியாது. "நீங்களே ஒரு ரூம் ஓபன் பண்ணுங்க. பீச்ல நிறைய பேர் ஆடறாங்க, அஞ்சு பேர் ஈஸியா சேருவாங்க" என்றார். தவறு அவருடையது, அதற்கான வேலை அவளுடையது என்று ஆனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேண்டா ரூம் திறந்தாள். திறந்தவர் பெயர்தான் ரூமின் பெயர். கடற்கரையில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களின் திரையிலும் அது தெரிந்தது: "வேண்டா – 1/10". பத்து நிமிடம் போயிற்று. ஒன்று இரண்டாகவில்லை. இரண்டு பேர் திரையைப் பார்த்து, "எவனோ வராதேன்னு போட்டு வெச்சிருக்கான்டா" என்று பேசிக்கொண்டு போவது அவள் காதில் விழுந்தது.

ஹரிகிருஷ்ணன் குழு சண்டையை முடித்துக் கைதட்டியது. ஜெஸ்ஸி ஓடி வந்தாள். மணி ஐந்து முப்பத்தாறு.

"அக்கா, ஆறு மணிக்குப் போயிடும். பேரை மாத்துங்க. செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிஷ வேலை."

"இன்னான்னு மாத்தறது?"

"வேணி, வெண்ணிலா, ஏதாவது. புடிச்சதுக்கப்புறம் திரும்ப வெச்சுக்கலாம்."

"வெண்ணிலாவா? அது இன்னும் சுத்திக்கினுதான் கீதா?" வேண்டா போனை ஜெஸ்ஸியிடம் தரவில்லை. "வெச்சவங்களே கூச்சப்படல. எனக்கு இன்னா கூச்சம்?"

"கோச்சுக்காதீங்க. இன்னும் மூணு வருஷம் ஆகும், அதான் சொன்னேன்."

"ஆவட்டும்."

அந்த ஒரு சொல்லோடு அவள் மணலில் நடக்கத் தொடங்கினாள். எட்டுப் பேர் தட்டுக் கழுவும் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. "வேண்டான்ற ரூமு என்னுது. அது என் பேரு. இன்னும் நாலு பேரு போதும், வாங்க." குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் வைத்து ஆடியவர்களின் முன்னால் அவள் நின்று நின்று சொன்னாள். முதலில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு கேளம்பாக்கத்திலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒருவர். மனைவி, "போங்க, போங்க, அந்தம்மா எவ்ளோ நேரமா கத்தறாங்க" என்று அவரைத் தள்ளிவிட்டாள்.

இன்னும் ஒருவர் வேண்டும். பக்கத்தில் இருக்கும் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு, ஒன்பது சுற்றுச் சுற்றி, அங்கே கொடுத்த மாலையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் கடலைப் பார்க்க வந்திருந்தான். அவன் கையிலும் அதே விளையாட்டு.

"நானே இப்பதான் வேணும் வேணும்னு கேட்டுட்டு வரேன். வந்த வொடனே வேண்டாங்கறீங்களே" என்றான்.

"பொண்ணு அப்புறம் வரும் தம்பி. தலச்சோறு ஆறு மணிக்குப் பூடும்."

அவன் மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ரூமுக்குள் வந்தான். 5/10.

ஐந்து நாற்பத்தெட்டுக்குச் சண்டை தொடங்கியது. பத்துப் பேர் அடிக்க வேண்டியதை ஐந்து பேர் அடித்ததால் எட்டு நிமிடம் பிடித்தது. கடைசி வரை தாங்கியவை வேண்டாவின் விலங்குகள்தான். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் நடந்து வளர்த்தவை. கொம்பு சாய்ந்தது. அவளுக்கு ஏழு வலை. மூன்று கிழிந்தன. நான்காவதில் தலசோர் இரண்டு முறை உதறியது, பிறகு அசையவில்லை.

திரை கேட்டது: "இதன் பெயரை மாற்ற வேண்டுமா?" கீழே இரண்டு பொத்தான்கள்.

"அக்கா, ஏதாவது ஸ்பெஷலா வைங்க" என்றாள் ஜெஸ்ஸி.

"அதுக்குன்னு ஒரு பேரு கீதே" என்று வேண்டா, "வேண்டாம்" என்பதை அழுத்தினாள்.

மறுநாள் காலை கேன்டீனுக்கு நடந்துகொண்டிருந்தபோது குழுவில் செய்தி வந்தது. ஹரிகிருஷ்ணன் எழுதியிருந்தார்: "இனிமேல் வராதவர்கள் 'வரவில்லை' என்று எழுதவும். வேண்டா என்பது பெயர். அடுத்த ஞாயிறு கல்பாக்கம், பத்து இடம்."

அவள் அதற்கு நன்றி எழுதவில்லை, கட்டைவிரல் படமும் போடவில்லை. சாலையோரம் ஒதுங்கி நின்று, பட்டியலின் முதல் வரியில் மூன்றே எழுத்தைப் போட்டுவிட்டு நடந்தாள்.