பத்து நிமிடம் பின்னால் போன மெஷின்

இன்று காலை எங்கள் குருபோங் ஃபேக்டரியில், இருபது விநாடி அழுத்திவிட்டு மேலே எழ வேண்டிய சூட்டுத் தகடு எழவே இல்லை. அடியிலிருந்த பிளாஸ்டிக் தட்டு புகைய ஆரம்பித்தது.

லைன் லீடர் கலா அக்கா பாய்ந்து வந்து சிவப்பு பட்டனை அடித்தார். அந்த மெஷினின் புரோகிராம் நான் எழுதியது.

"அக்கா, எதையாச்சும் தொட்டீங்களா?"

"மெஷின் ஸ்கிரீன்ல டைம்தான் மாத்துனேன் தம்பி. ரேஹாட் பிரேக் முடிஞ்சு ஒருத்தரும் நேரத்துக்கு வர மாட்டாங்க, அதான் பத்து நிமிஷம் ஃபாஸ்டா வச்சிருந்தேன். இன்னிக்கு ஆடிட் வர்றாங்க லா, சரி பண்ணிட்டேன்."

அங்கேதான் சிக்கல். புரோகிராம் இருபது விநாடியை எண்ணுவதில்லை. இருபது விநாடி கழித்து வரும் நேரத்தைக் கணக்கிட்டு, 'மணி பத்து நாற்பது ஆனதும் விடு' என்று கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கும். கடிகாரம் பின்னால் போனால், பத்து நிமிடம் கூடுதலாக நிற்கும்.

இதற்காகத்தான் போன மாதம் நாங்கள் பயன்படுத்தும் சி மொழி லைப்ரரிக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். அது இருந்தால், காத்திருக்கும் திரெட், அதாவது புரோகிராமின் ஓர் இழை, யாராலும் மாற்ற முடியாத கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அதைப் பார்த்த லைப்ரரியின் பராமரிப்பாளர், 'ஓடுகிற மெஷினில் யார் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளப்போகிறார்கள்?' என்று ஒரே வரியில் ஓரங்கட்டிவிட்டார்.

காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததும், சட்டைகூட மாற்றாமல் அவருக்கு பதில் போட்டேன்: "கலா அக்கா."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், எங்கள் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் ஃபாஸ்ட்.

உங்கள் வீட்டில் எத்தனை? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.