உயிரோடு இருப்பவளுக்கு ஒரு பீடம்

ஹெர்லிந்தா சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியேறிகள் பேட்டையான பாயில் ஹைட்ஸில் பாதிப் பேர் அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலையில், ஒரே இஸ்திரி இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நானும் அவளும். அவள் மகள் யெசேனியாவுக்கு நான் ஞானத்தாய். சின்ன வயதில் அந்தப் பெண் ஆலை வாசலில் உட்கார்ந்து காமிக்ஸ் படிப்பாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "இதுல நம்ம ஆளுங்கன்னா ஒண்ணு திருடன், இல்ல தோட்டக்காரன். பறக்கறவ ஒருத்திகூட இல்ல ஞானம்மா" என்றாள். வளர்ந்ததும் தானே ஒருத்தியை வைத்துக் காமிக்ஸ் வரைந்தாள். பெயர் புரூமா, எங்கள் மொழியில் மூடுபனி. மாநிறம், தடித்த இடுப்பு, சலவை ஆலை நீராவியில் சக்தி பெற்றவள். இடுப்பு அப்படியே அம்மாவுடையது என்று கேலி செய்வேன்.

பிறகு அதைப் படமாக்கச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். இடுப்பை மெலியவைத்தார்கள். நிறத்தையும் வெளுக்கப் பார்த்தார்கள். யெசேனியா மல்லுக்கட்டி நிறத்தை மட்டும் காப்பாற்றினாள். ஆனால் நாயகி உருவாக ஒரு சாவு வேண்டுமாம், அம்மா சாக வேண்டுமாம். அதில் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கொன்னுக்கோடி," என்று சிரித்தாள் ஹெர்லிந்தா. "பாய்லர் வெடிச்சே சாகட்டும். நம்ம முதலாளி அதப் பாத்தாவது பாய்லர மாத்துவான்."

படத்துக்கு இருவரும் போனோம். கல்லறைத் திருநாள் காட்சி வந்தது. புரூமா செத்துப்போன அம்மாவுக்கு, படம் வைத்து, பிடித்ததைப் படைத்து, பீடம் வைக்கிறாள். செண்டுப்பூக்களின் நடுவே இருந்தது அம்மாவாக நடித்தவளின் படம் இல்லை. ஹெர்லிந்தாவின் இளவயதுப் படம். நடிகை தேடும்போது முகச்சாயலுக்காக யெசேனியா கொடுத்துவைத்தது. உயிரோடு இருப்பவரின் படத்தைப் பீடத்தில் வைக்கக் கூடாதென்று எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஹெர்லிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செட்டுல யாரோ வச்சிட்டாங்கம்மா. நான் பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றாள் யெசேனியா போனில்.

"சரி, இவ எங்கம்மா, நல்லாத்தான் இருக்கான்னு நாலு பேர்கிட்ட சொல்லிருடி. அது போதும்."

"சொல்றேம்மா."

அந்த வாரமே தொலைக்காட்சியில் வந்தாள். பேட்டி எடுத்தவள், "மறைந்த உங்கள் தாய்க்கு இந்தப் படம் எவ்வளவு பெரிய அஞ்சலி" என்றாள். யெசேனியா வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வளர்த்த கடனுக்கு நல்ல மரியாதை. ஹெர்லிந்தா பெட்டியை அணைத்துவிட்டு, "பாவம், அத்தன பேர் முன்னாடி என்ன செய்வா" என்றாள். அதன்பிறகு மகளுக்கு அவள் போன் செய்யவில்லை. மகளும் செய்யவில்லை.

அடுத்த கல்லறைத் திருநாள் வந்தது. சதுக்கத்தில் ஊர்ப் பொதுப் பீடம். அதில், பிறர் வீட்டு இறந்தவர்களோடு, ஹெர்லிந்தா. சினிமாவோடு விற்ற, அவளுடைய அதே படம் அச்சிட்ட அட்டை அது.

"இன்னிக்கு எடுத்துடப் போறேன்," என்றாள் வேலைக்குப் போகும் வழியில். "செத்தவங்க வரிசையில நான் ஏன்டி நிக்கணும்?"

கையை நீட்டி அட்டையைத் தொட்டும்விட்டாள்.

"தொடாதீங்கம்மா. அது புரூமாவோட அம்மா." பழைய திரைச்சீலையைத் தோளில் கட்டிய ஒரு சிறுமி. நல்ல கறுப்பு. "நான்தான் வச்சேன். ஸ்கூல்ல எல்லாரும் என்னைப் புரூமான்னுதான் கூப்பிடறாங்க. முன்னாடி வேற மாதிரி கூப்பிடுவாங்க."

ஹெர்லிந்தா கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். ஹெர்லிந்தா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கொஞ்சம் பழக்கம்," என்றாள். "தேங்கா ரொட்டி வச்சிருக்கியே கண்ணு, அது அவளுக்கு ஆகாது. காபின்னா உசிரு."

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடி நிறையக் காபி ஊற்றித் தன் படத்துக்கு முன்னால் வைத்தாள். மிச்சத்தையும் பிளாஸ்க்கோடு பக்கத்திலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

அன்று ஆலை இடைவேளையில் என் காபியில் பாதியை அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாம்டி," என்றாள். "எனக்குத்தான் அங்க வச்சாச்சே."