ராட்டினத்தில் பெண் பார்த்த நாள்

போன மாதம் என் மகன் குடும்பம் என்னை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனது. அழைத்துப் போனது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. வீட்டில் தனியாக விட்டால் கேஸை மூட மறந்துவிடுவேன் என்ற கவலையில் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வாசலில் ஒரு பெண் என் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கட்டுவார்களே, அச்சு அசல் அதேதான். ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் ஒரு பலகை: இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் இருப்பவர்கள் ஏற வேண்டாம். கர்ப்பம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு இருந்ததால் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

உட்கார்ந்திருந்தபோது மின்சாரம் போயிற்று. பெஞ்சுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. டீசல் வாசனை குப்பென்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ நன்றாக மூச்சை இழுத்து வாங்கினேன். அந்த வாசனைக்கும் எங்கள் கிரேஸ் அக்காவின் கல்யாணத்துக்கும் சம்பந்தம் உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

குடியரசு வந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். நாங்கள் பிரேசர் டவுனில் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க். வெள்ளைக்காரன் போய்விட்ட செய்தி அவருடைய ஃபெல்ட் தொப்பிக்கு மட்டும் வந்து சேரவில்லை. எதையும் உத்தரவாகத்தான் பேசுவார். சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட, "இது கவனிக்கப்பட வேண்டிய விஷயம்" என்பார். அம்மா உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அக்காவைப் பெண் பார்க்க அதற்குள் இரண்டு குடும்பங்கள் வந்து போயிருந்தன. முதலில் வந்தவர்கள் பெண் உயரம் ஜாஸ்தி என்றார்கள். அடுத்து வந்தவர்கள் பெண் வாயே திறக்கவில்லை என்றார்கள். அப்பா அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் பேசும்படி உத்தரவு போட்டார். அக்கா அப்போது ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கப் பேசுகிறவள். குனியச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

இரண்டு குடும்பம் வந்த லட்சணம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது குடும்பமும் வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் போனால் தலைகாட்ட முடியாது என்று அப்பா நினைத்தார். இந்த நிலையில்தான் தசரா விடுமுறைக்குத் தங்கவயலிலிருந்து எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு வரனோடு வந்து இறங்கினாள். பையன் பெயர் சாமுவேல். அவனுடைய அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. பையனுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் உத்தியோகம்.

"வீட்டுக்கு வரவேணாம்டா. எக்ஸிபிஷன் போட்டிருக்கான் இல்ல? அங்க நீங்களும் போங்க, அவங்களும் வரட்டும். தற்செயலா பாத்த மாதிரி இருக்கும்" என்றாள் அத்தை.

தற்செயல் என்ற சொல் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அதற்கான ஒத்திகை ஆரம்பமானது. காலையில் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியைப் பார்த்து, "அடடே! நீங்களா! எங்க இந்தப் பக்கம்?" என்பார். ஒரு நாள் 'அடடே'யில் அழுத்தம் போதவில்லை என்று மறுபடியும் சொல்லிப் பார்த்து, கன்னத்தை வெட்டிக்கொண்டார்.

எக்ஸிபிஷன் என்றால் இன்றைக்கு மாதிரி இல்லை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய மைதானம். சுற்றிலும் தகரத் தடுப்பு. நுழைந்தவுடன் சர்க்கார் ஸ்டால்கள். ஒன்றில் சிமெண்டில் ஒரு அணைக்கட்டு செய்து வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் வரவில்லை. ஒரு ஆள் நீளக் குச்சியால் காய்ந்த வாய்க்காலைத் தொட்டுத் தொட்டு, "தண்ணீர் இப்படி வருது, இப்படிப் போகுது, நாடு செழிக்குது" என்று மூன்று பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். "தண்ணி எங்கப்பா?" என்று நான் கேட்டதற்கு, "திட்டம் இருக்கு. தண்ணி வரும்" என்றார். இந்த ஸ்டால்களைத் தாண்டினால்தான் பலூன் சுடும் இடம், பாம்பு உடம்புப் பெண், எண்ணெயில் வேகும் மிளகாய் பஜ்ஜி, கடைசியில் டீசல் என்ஜினில் சுற்றும் பெரிய ராட்டினம். ஜனங்கள் ஸ்டால்களை ஓட்டமாகக் கடப்பார்கள். நாங்கள் மட்டும் எல்லாவற்றிலும் நின்று நாட்டு முன்னேற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனோம். அக்கா புதுப் புடவையில் நிமிர்ந்தே நடந்தாள். அப்பா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

பலூன் கடைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், தலை வழித்து வாரிய ஒரு வாலிபன் மூவரும் கடலைக்காய் தின்றுகொண்டு நின்றார்கள். பெரியவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அத்தை சொன்ன அடையாளமும் கறுப்புக் கோட்டுதான். அத்தை புடவை முந்தானையில் சிக்கிய ஆணியை எடுத்துக்கொண்டு பின்னால் தங்கிவிட்டாள். அப்பா காத்திருக்கவில்லை.

"அடடே! நீங்களா! எங்க இந்தப் பக்கம்?"

பெரியவர் ஒரு நிமிஷம் முழித்தார். ஆனால் நல்ல மனுஷன். "ஆமாங்க சார், சும்மா பசங்களோட வந்தோம். கடலைக்காய் சாப்பிடுங்க" என்று அப்பா கையில் ஒரு பிடி வைத்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்பா அந்த வாலிபனை மேலும் கீழும் பார்த்து, அம்மாவிடம் கண்ணாலேயே திருப்தி தெரிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

"சர்ச்சா? நாங்க அல்சூர் பக்கம் முருகன் கோயிலுக்குப் போறவங்க சார். பிளாக்பள்ளியில ஜவுளிக்கடை." சிவாஜிநகரை அப்போது பிளாக்பள்ளி என்றுதான் சொல்வோம்.

அப்பா கடலைக்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். திரும்பின இடத்தில் அத்தை நின்றிருந்தாள். அவளோடு இன்னொரு கறுப்புக் கோட்டு, ஒரு பருத்த அம்மாள், வியர்த்து நனைந்த ஒரு வாலிபன். அந்தக் கறுப்புக் கோட்டும் வீட்டில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அப்பா வாயைத் திறப்பதற்குள், "அடடே! நீங்களா!" என்று ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்குத் தன் வசனம் பறிபோன துக்கம் முகத்தில் தெரிந்தது.

ராட்டினத்தில் எல்லோரும் ஒரு சுற்றுப் போகலாம் என்று அத்தைதான் சொன்னாள். ஆண்கள் ஒரு பெட்டி, பெண்கள் ஒரு பெட்டி என்று அப்பா உத்தரவு போட்டார். ராட்டினக்காரன் அந்த உத்தரவை மதிக்கவில்லை. "வெயிட்டு சமமா இருக்கணும் சாப்" என்று சொல்லி, பையனின் அம்மாவைத் தூக்காத குறையாக அப்பாவோடு ஒரு பெட்டியில் ஏற்றிக் கம்பியைப் போட்டான். அடுத்த பெட்டியில் அக்கா, நான், எதிர்ப் பலகையில் அந்த வாலிபன். அம்மாவும் அத்தையும் சுரங்கத்துக்காரரும் கீழேயே நின்றுவிட்டார்கள்.

இரண்டு சுற்று சுற்றியிருக்கும். என்ஜின் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, கறுப்புப் புகையைக் கக்கி நின்றுவிட்டது. எங்கள் பெட்டி உச்சியில் நின்று ஊஞ்சல் மாதிரி ஆடியது. "டைரோ, டைரோ! பேஜார் இல்லே! பெல்ட்டு போயிருச்சு!" என்று கீழேயிருந்து ராட்டினக்காரன் எங்களைப் பொறுக்கச் சொல்லிக் கத்தினான்.

எங்களுக்கு ஒரு பெட்டி கீழே அப்பா ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். "திஸ் இஸ் மோஸ்ட் இர்ரெகுலர்!" அதற்கு மேல் அவரால் ஒழுங்காகக் கத்த முடியவில்லை. பையனின் அம்மா அவருடைய கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். கையை விடுவிக்கப் பார்த்த வேகத்தில் அவருடைய ஃபெல்ட் தொப்பி கழன்று, காற்றில் நிதானமாக மிதந்து கீழே போயிற்று. கூட்டம் விசில் அடித்தது. எங்கள் அத்தை அண்ணாந்து, "தம்பீ! குதிச்சிடாதடா!" என்று அலறினாள்.

நான் சிரித்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். எதிரில் இருந்தவரைப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அக்கா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னாத்துக்கு?"

"ஒசரம். சின்ன வயசுலேருந்தே ஆகாது. பள்ளமும் ஆகாது. எங்கப்பா தினம் பூமிக்குள்ள எறங்குறவரு. என்னால முடியல. அதான் தரையிலேயே ஒரு வேலை தேடிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் ஏறுனீங்க?"

"பொண்ணு பாக்க வந்துட்டு, ராட்டினத்துக்குப் பயம்னு சொன்னா..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்கவா? நாம தற்செயலா இல்ல பாத்துக்கிட்டோம்?" என்றாள் அக்கா.

அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், "கீழ பாக்காதீங்க. நேரா பாருங்க. அதோ எங்க சர்ச்சுக் கோபுரம். அந்தப் பக்கம் மரமெல்லாம் கொத்தா தெரியுதே, அதுக்குப் பின்னாலதான் எங்க வீடு" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மற்றதையும் திறந்தார். முதலில் பார்த்தது கோபுரத்தை இல்லை.

"உங்களுக்குப் பயமே கிடையாதா?"

"இருக்கு" என்றாள் அக்கா. "கீழ எறங்குனதும் எல்லாரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அதுக்குத்தான் பயம்."

ஆட்கள் கூடிக் கையால் ராட்டினத்தை இழுத்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்கள். எங்களுக்கு முன்னால் இறங்கிய அப்பா, கசங்கிய கோட்டுக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் பயமில்ல. என்ஜினைத்தான் கவனிச்சுக்கிட்டிருந்தேன்" என்று யாரும் கேட்காமலேயே அறிவித்தார். பையனின் அம்மாவுக்கு மூச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ்ளோ ஒசரத்துல கொஞ்சங்கூடப் பயப்படலியே. பொம்பளப் புள்ள ஒரு சத்தமாச்சும் போட வேணாம்?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "உங்க பையன் கண்ணை மூடிக்கிட்டில்ல உக்காந்திருந்தான்? அப்புறம் அவன் என்ன பொண்ணு பார்த்தான்?"

தற்செயல் அத்தோடு முடிந்தது. பெண், பையன், உயரம், பயம் என்று இரண்டு தரப்பும் மைதானமே கேட்கும்படி கத்த, ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய ஒரே காட்சி எங்கள் குடும்பம்தான். அக்கா அந்தக் கூட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சொல்லிக் குனிந்த மாதிரி இல்லை அது. நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஜவுளிக்கடைப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அப்பாவின் தொப்பி. "சார், இது உங்களுதுதானே?" என்று மண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "ஆமா, பொண்ணு என்ன சொல்லுது?" என்றார்.

எல்லோரும் அக்கா பக்கம் திரும்பினார்கள். அதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்பாகூட ஒத்திகை பார்க்காத கேள்வி.

அக்கா நிமிர்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் எவ்வளவு உயரம் என்று நானே பார்த்தேன். "இவரு பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்றாரு. இதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் அப்படிச் சொன்னதில்ல. எனக்குச் சம்மதம்."

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பையன் தன் அம்மாவிடம் போய், "எனக்கும்மா" என்றார். அப்பா தொப்பியைத் தலையில் வைத்து, நேராக்கி, "பரிசீலித்துச் சொல்கிறோம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பரிசீலித்து முடித்துவிட்டார். எக்ஸிபிஷனில் பாதிக் கண்டோன்மென்ட் பார்த்துவிட்டதே, வேறு வழி?

புது வருஷம் பிறந்ததும் கல்யாணம். ஜவுளிக்கடைப் பெரியவர் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சாமுவேல் மாமா கடைசிவரை ஸ்டூல்மேல் ஏறியதில்லை. பல்பு மாற்றுவது, ஓடு திருப்புவது எல்லாம் அக்காதான். அவர் கீழே நின்று, "கிரேஸ், எனக்குப் பயமா இருக்கு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைக்கு ஜுரம் வந்தாலும் அதே வார்த்தை. பெண்ணை முதன்முதலாக ரயிலேற்றி அனுப்பியபோதும் அதே வார்த்தை. அவர் சொன்னவுடன் அக்காவுக்கு வேலை கிடைத்துவிடும். அவரைத் தேற்றுகிற வேகத்தில் தன் பயத்தை மறந்துவிடுவாள்.

அந்த மைதானம் எங்கே இருந்தது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்று சண்டை. கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. அவள் ஒன்றைக் காட்டுகிறாள், நான் வேறொன்றைக் காட்டுகிறேன். ஓட்டு வீடுகள் போயின. தொப்பி வைத்த ஹெட்கிளார்க்குகள் போனார்கள். மாமா போய் ஆறேழு வருடம் ஆகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்காவுக்கு இதயத்தில் ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றான் அவள் மகன். "இப்பல்லாம் இது ரொம்ப சின்ன விஷயம்" என்றாள் அவள் மகள். "நான் இருக்கேன், தைரியமா போ" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அக்கா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி ஆளையும் பார்த்து முடித்த பிறகு, இன்னும் ஒருவர் வர வேண்டியிருப்பதுபோல் கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, தள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள்.